ராயபுரத்துக் கூழைக்கடா அலமாரி

மனைவியைத் தர்க்கத்தால் வெல்ல முடியாது, வேதத்தால் வெல்லலாம் என்று நான் கண்டுபிடித்தது 2001-இல், ராயபுரத்தில், ஓர் அலமாரியின் பொருட்டு.

பழைய மரச்சாமான் விற்கும் ரஷீது அதைக் கொண்டுவந்து இறக்கினார். துறைமுகத்துக்கு எதிரே இடித்த வெள்ளைக்காரன் பங்களாவில் கிடைத்ததாம். கதவு முழுக்கத் தங்கத் தகடு என்றே நினைத்தேன். கிட்டே போனால் வைக்கோல்! ஒவ்வொரு தாளையும் பிளந்து, தட்டையாக்கி, சாயமேற்றி, மயிரிழை இடைவெளியில்லாமல் மரத்தில் ஒட்டியிருந்தார்கள். கதவை அசைத்தால் ஒளி ஓடியது. நடுவில் வைக்கோலாலேயே இழைத்திருந்த கூழைக்கடாப் பறவை மூச்சு விட்டது. நான் விட மறந்தேன்.

"மாடு துன்றத ஒட்டி வெச்சிக்கீறான். இதுக்கா இப்டி வாயப் பொளக்கற?" என்றாள் ஆலிஸ். "சரி, என் பட்டுப் பொடவைக்கு எடம் ஆச்சு."

கட்டிலுக்கடியில் கிடக்கும் என் புத்தகங்களுக்காக அல்லவா அதை வாங்கினேன்!

"ஆலிஸ், நல்லாப் பாரு. பறவை தன் மாரைக் கொத்தி, ரத்தத்தைக் குஞ்சுங்களுக்கு ஊட்டுது. அது யேசு. நங்கூரம், நம்பிக்கை. கோதுமைக் கதிர், நற்கருணை. இது அலமாரியில்ல, ஜெபம். இதுல போய்ப் பொடவையா?"

சிலுவை போட்டுக்கொண்டாள். "மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

"அப்ப உன் புஸ்தகம் மட்டும் வெக்கலாமா? பாதி சாமியே இல்லன்னு எழுதனதுன்னு நீதான சொன்ன?"



ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அர்த்தம் கேட்டார். சொன்னேன். கேட்க ஆள் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன். உருகிப்போய்த் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டார். மேல்தட்டில் மாதா சுரூபம் குடியேறியது. மந்திரித்த இடத்தில் மற்றதை வைக்கலாகாது. புத்தகமும் இல்லை, புடவையும் இல்லை. ஆட்டம் சமன் என்று தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் திறந்தால், கீழ்த்தட்டு நிறையப் பட்டுப் புடவை.

"ஆலிஸ்! மந்திரிச்ச அலமாரி!"

"அதான்யா. எல்லாம் மாதாவுக்கு ஒரு தபா சாத்தி எடுத்த பொடவ. கண்ட எடத்துல வெச்சா பாவம் இல்ல?"

செப்டம்பரில் மாதா பிறந்தநாள் திருவிழாவுக்கு, மாதாவுக்கென்று நானே ஒரு புதுப் பட்டு வாங்கி வந்தேன். ஆலிஸுக்கு அது மிகவும் எடுப்பாக இருந்தது.