காருக்குக் கட்டிய கயிறு

“…ஒரு வார்த்த சொல்லிட்டுக் கட்டியிருந்தா, இன்னொரு முனைய நானே பிடிச்சிருப்பேன்ல?” என்றார் பெரியப்பா.

நான் முகமெல்லாம் கிரீஸோடு, கையில் ஸ்பானரோடு, சிமென்ட்டுக் களத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அவர் அடுத்து என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அக்கா கல்யாணத்தை அதே வாரத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண் காருக்கு அடியில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். (அம்மா இன்னமும் கேட்கிற கேள்வி இது.)

அப்போது எனக்குச் சென்னையில் வேலை. சம்பளத்தை எல்லாம் ஒரு பழைய சிவப்புக் காருக்குத் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம். காசு கட்டினால் சில நாட்கள் நம்மைப் போன்ற ஆட்களும் சொந்தக் காரை அதில் விரட்டிப் பார்க்கலாம். முதல் நாளே விரட்டினேன். முதல் வளைவிலேயே புல்தரையில் போய் நின்றேன்.

குற்றம் என்னுடையது என்று நான் நினைக்கவில்லை. என் காரில் முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஒரே ஆளை அடுப்படியிலும் நில், பந்தியிலும் பரிமாறு என்றால் எப்படி? வேகமாக வளைத்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு நேராகவே போகும். எங்கள் அப்பா சுபாவம்.

வைத்தியம் இன்டர்நெட்டில் கிடைத்தது. காரைத் தாழ்த்து, பின்பக்கத்து ஸ்பிரிங்கை விறைப்பாக்கு, முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே பார்க்க வை. வண்டி பசுமாடு மாதிரி சொன்னபடி திரும்பும். (பசுமாடு சொன்னபடி திரும்பும் என்று டெல்டாவில் பிறந்த ஒருத்தி நம்பியிருக்கிறாள். அதிலேயே தெரிந்திருக்க வேண்டும்.) ஸ்பிரிங் மாற்றியாகிவிட்டது. சக்கரத்தைத் திருப்பி வைக்கச் சொன்னால் அலைன்மென்ட் கடைக்காரர், “டயரு மொட்டையாயிடும்மா, நான் செய்ய மாட்டேன்” என்று கும்பிட்டுவிட்டார். சரி, நாமே செய்வோம் என்று கல்யாணத்துக்கு ஊருக்கு வரும்போது சாமான்களையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

இதற்கு வேண்டியது மூன்று. காரின் இரண்டு பக்கமும் நேராக இழுத்துக் கட்டிய கயிறு. அதிலிருந்துதான் சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அளக்க வேண்டும். ஓட்டுகிறவர் சீட்டில் அவருடைய எடை. அப்புறம், துளி மேடு பள்ளம் இல்லாத தரை. தஞ்சாவூர் ஜில்லாவே தட்டையாகத்தானே கிடக்கிறது என்பீர்கள். வயல் தட்டை, தெரு தட்டை இல்லை. பூதலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் மட்டமான தரை ஒன்றே ஒன்றுதான்: அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவான, நெல் காயப்போடுகிற களம்.

அந்தக் களம் கோர்ட்டில் இருந்தது.

பாகம் பிரித்தபோது மாட்டுக்கொட்டகை முதல் தென்னைமரம் வரை பிரித்த அண்ணன் தம்பிக்கு அதை மட்டும் பிரிக்க முடியவில்லை. அப்பா ஒரு கழகம், பெரியப்பா எதிர்க் கழகம். ஆட்சி மாறும்போதெல்லாம் யாராவது ஒருவர் புதுக் கரைவேட்டி கட்டிக்கொண்டு, “இப்ப நம்ம ஆளுங்கதான்” என்று களத்தை அளந்து பிரிக்கக் கிளம்புவார். இரண்டு பேருமே அளக்காமல்தான் திரும்புவார்கள். வீட்டில் அப்பா பெரியப்பாவை ‘வடக்கு வீட்டுக்காரர்’ என்பார். அண்ணன் என்ற சொல்லைக் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

கல்யாணப் பத்திரிகையோடு வடக்கு வீட்டுக்கு நான்தான் தூது போனேன். பெரியப்பா பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“வர்றேன். கவிதா நான் தூக்கி வளத்த புள்ள. ஆனா கல்யாணம் முடியற வரைக்கும் களத்துல ஒருத்தரும் கை வெக்கக்கூடாது. ஒங்கப்பங்கிட்ட சொல்லிரு.”

சொன்னேன். அப்பா தலையாட்டினார். அக்கா சந்தோஷத்தில் அழுதாள். இந்த நிபந்தனையைக் கொண்டுவந்து சேர்த்தவளே நான்தான் என்பதை மறக்க வேண்டாம். மறந்தது நான் ஒருத்திதான். (காரை நிறுத்துவது எப்படிக் கை வைப்பதாகும் என்பது அன்றைக்கு என் சட்ட ஞானம்.)

காலையில் காரைக் களத்தில் ஏற்றினேன். களத்தை ஒட்டிய மண்ணில் நாலு இரும்பு முளை அடித்து, கொத்தனார் மஞ்சள் கயிற்றை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இழுத்துக் கட்டினேன். சக்கரம் நின்ற இடம் தவறாமல் இருக்கச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். என் எடைக்கு ஒரு விதைநெல் மூட்டையைச் சீட்டில் உட்கார்த்தி, பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

அந்த வழியாக மொபெட்டில் வந்த பக்கத்துத் தெரு முருகையன் அண்ணன் காலை ஊன்றி நின்றார்.

“என்ன தங்கச்சி, கயிறெல்லாம் பலமா இருக்கு?”

“அளக்குறேண்ணே. மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவருக்குச் சொன்னா புரியாதுண்ணே.”

“பெரியப்பாவுக்கு?”

“அவருக்கு எதுக்கு?”

அந்த மொபெட் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. அதற்கு யார் சஸ்பென்ஷன் செட் பண்ணினார்களோ.

கொஞ்ச நேரத்தில், காருக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்த எனக்கு, வடக்கே ஒரு ஜோடி தோல் செருப்பு தெரிந்தது. எங்கள் ஊரில் நெல் கிடக்கிற களத்தில் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். வெறும் களமானாலும் அப்படித்தான். பெரியப்பா ஏறியிருந்தார். தெற்கிலிருந்து அப்பாவின் வெறுங்கால்கள் ஓடி வந்தன.

“முளையடிச்சு, சுண்ணாம்பும் போட்டாச்சு. நல்லா இருடா.”

“நீங்க ஆளு வெச்சு அடிச்சிட்டு என்னைச் சொல்றீங்களா?”

“நானா? களத்துல கை வெக்காதேன்னு சொன்னவனே நான்டா.”

“அப்ப யாரு அடிச்சா?”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

வருஷங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். கெடுப்பானேன், அப்படியே படுத்திருப்போமா என்றுகூட நினைத்தேன். அப்போது பெரியப்பா, “இனி அந்தப் பந்தல்ல எங்காலு படாது” என்றார். ஊர்ந்து வெளியே வந்தேன்.

“நான்தான் பெரியப்பா. காருக்கு அளக்குறேன்.”

“காருக்கு எதுக்குடி களத்த ரெண்டாப் பிரிக்கிற?” என்றார் அப்பா.

சக்கரம், ஸ்பிரிங், வளைவு, புல்தரை எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

“பெல்ட்டுப் போட்டு உக்காந்திருக்கிறது யாரு?”

“அது நான் பெரியப்பா. என் எடைக்கு வெதநெல்லு.”

மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கொறச்சு வெச்சிருக்க.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வடக்கே திரும்பினார். அப்பா பதறிப்போய் ஒரு முளையைப் பிடுங்கி எறிந்தார். கயிறு தொய்ந்து தரையில் விழுந்தது. “அண்ணே, இவ கெடக்கா. நீங்க வந்துருங்கண்ணே” என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டதும், கைகூடி வந்த கல்யாணத்தைக் கயிறு கட்டிக் கெடுத்துவிட்டோமே என்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

கார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் தடத்தில் முதல் வளைவில் மூக்கு அழகாகத் திரும்பியது. கூடவே வாலும் திரும்பியது. வந்த வழியைப் பார்த்தபடி போய் நின்றேன், அதே புல்தரையில். இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது கொடிக்கயிறு கட்டப் போனால்கூட, “பெரியப்பாகிட்ட சொல்லியாச்சா?” என்று ஒரு குரல் வரும். பல நேரம் அது பெரியப்பாவின் குரலாகவே இருக்கும். களம் இன்றுவரை பிரியவில்லை.

அன்றைக்கு அவர் களத்தின் ஓரம் வரை போனார். அங்கே நின்று, முதுகைக் காட்டிக்கொண்டேதான், ‘ஒரு வார்த்த சொல்லிட்டுக் கட்டியிருந்தா’ என்ற அந்த வார்த்தையைச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றி மண்ணில் விட்டார். வெறுங்காலோடு திரும்பி வந்து, குனிந்து, விழுந்து கிடந்த மஞ்சள் கயிற்றை எடுத்தார். “அந்தக் கோடியப் பிடிடா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, இழுத்துப் பிடித்தார்.