ஆறு கம்ப்யூட்டரும் பெங்குவின் அண்ணனும்

கம்ப்யூட்டரிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர் மட்டாஞ்சேரியில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். கேரளம் முழுக்கச் சலித்தாலும் இன்னொருவர் கிடைப்பாரா என்பது சந்தேகம்தான். பெட்டியைத் திறக்க ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் அதன் தலையில் மெல்லத் தட்டி, "ஷமிக்கணும் கேட்டியா, கொஞ்சம் தொறக்கப் போறேன்" என்பார். இதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஜீவன் அந்தக் கம்ப்யூட்டர்தான்.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கும். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளாக, காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று லினக்ஸ் ஒன்று வந்திருந்ததே, அதன் சின்னமான பெங்குவினை சைக்கிளில், குடையில், சோற்றுப் பாத்திரத்தில் எல்லாம் ஒட்டி வைத்திருந்தார். நடையும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். அதனால் பெங்குவின் அண்ணன். தமிழ்க் குடும்பம்; அப்பா கார்ப்பரேஷனில் கால்வாய் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவர்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். கொச்சங்காடியில் நான் குமாஸ்தாவாக இருந்த மிளகுக் கம்பெனிக்கு, ஷூ பெட்டி அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வந்தது. லினக்ஸ் போட அண்ணனைக் கூப்பிட்டோம். போட்டார். எல்லாம் வந்தது, இன்டர்நெட் மட்டும் வரவில்லை. உள்ளே இருக்கும் நெட்வொர்க் கார்டை லினக்ஸுக்கு அடையாளம் தெரியவில்லையாம். அடையாளம் காட்டும் டிரைவர் என்ற குட்டிப் புரோகிராமை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். இன்டர்நெட் வர அந்தக் கார்டு வேலை செய்ய வேண்டும். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அண்ணன் அசரவில்லை. பஸ் ஏறித் தோப்பும்படி போய், ஒரு பிரௌசிங் சென்டரில் டிரைவரை ஃபிளாப்பியில் இறக்கிக்கொண்டு வந்தார். ஃபிளாப்பி திறக்கவில்லை. மறுபடி போனார். திறந்தது, ஆனால் அது இந்த லினக்ஸுக்கு ஒத்துவராத பழைய டிரைவர். மறுபடி போனார். கடைசியில் கண்டக்டரே கேட்டாராம்: "சேட்டா, அவன் இன்னும் கண்ணு தொறந்நில்லே?"

பஸ்ஸைவிட அவருடைய சட்டம்தான் எங்களை வதைத்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வார். ஒரு வயரை மாற்றினால் மற்ற எதையும் தொடக்கூடாது; ஒரு சாயா குடித்துவிட்டு வந்துதான் பார்ப்பார். அப்படி ஒருமுறை கார்டைக் கழற்றி வேறு இடத்தில் சொருகிய நேரம், வியர்க்கிறதே என்று நான் ஃபேனைப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

"எடா, என்ன வேலை செஞ்சே! இப்ப ரெண்டு மாத்தமாயிப் போச்சே!"

"அண்ணா, அது ஃபேன்."

"ஃபேனானாலும் மாத்தம் மாத்தமாக்கும். இனி வேலை செஞ்சா எதுனால செஞ்சுதுன்னு யாரு சொல்லுவா?"

எல்லாவற்றையும் நிறுத்தி, கார்டைப் பழைய இடத்திலேயே சொருகி, ஃபேனையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். சாயங்காலம் இன்டர்நெட் வந்தபோது முதலாளி உட்பட எல்லோரும் வியர்வையில் நனைந்து போயிருந்தோம். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் கூட மக்கர் பண்ணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். அந்த இடம் மகனுக்கு வந்தது. அண்ணனுக்கோ பிரௌசிங் சென்டர் வைக்க ஆசை; எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் ஓடும் கடை. அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டது தெருவுக்கே கேட்டது.

"டேய், அப்பன் உசிரெக் குடுத்து வாங்கித் தந்த வேலையாக்கும் அது!"

"ஒரு மாசம் தா அம்மே. கடை ஓடலேன்னா நானே போயிச் சேர்றேன்."

ஆறு குட்டிக் கம்ப்யூட்டர்கள் வாங்கினார். ஆறுக்கும் ஒரே கட்டாக வந்த மலிவான நெட்வொர்க் கார்டுகள். ஒவ்வொன்றுக்கும் பிளைவுட் தடுப்பு. தன் சட்டப்படி, மற்ற ஐந்தையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஆறும் தங்கம் மாதிரி ஓடின. நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

திறப்பு விழாவுக்கு விளக்கேற்றி, தேங்காய் உடைத்து, பரிப்பு வடை கொடுத்தோம். ஆறு காலேஜ் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். இன்டர்நெட் போய்விட்டது. ஒன்று எழுந்தால் இன்னொன்று படுத்தது. அண்ணன் ஐந்தை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் பார்த்தார், ஓடியது. அதை அணைத்து அடுத்ததைப் பார்த்தார், அதுவும் ஓடியது. பிள்ளைகள் வடையைத் தின்று முடித்துப் போய்விட்டார்கள்.

அந்த மாதம் முழுக்க அவர் ஒவ்வொன்றாக மாற்றினார். வயரை மாற்றினார். எல்லா வயரும் வந்து சேரும் பெட்டியை மாற்றினார். லினக்ஸையே அழித்துத் திரும்பப் போட்டார். தனியாக விட்டால் ஒவ்வொன்றும் சமர்த்து, சேர்ந்தால் குழப்பம். ஒரு மாதம் முடிந்த காலையில் அம்மா கார்ப்பரேஷன் காக்கிச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தார். அண்ணனும் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். சொன்ன சொல் மாறாத மனுஷன். மாறியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான்.

அந்த ஆறில் இரண்டை எங்கள் கம்பெனி எடுத்துக்கொண்டது. இடம் இல்லாததால் ஒரே மேஜையில் ஒட்டி வைத்தோம். இங்கேயும் அதே ரகளை. அண்ணன் செய்வதைப் பார்த்துக் கற்ற, கார்டின் விவரம் காட்டும் கட்டளையை இரண்டிலும் அடித்தேன். ஒவ்வொரு கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு எண் இடுவார்கள். வீட்டு விலாசம் போல, உலகத்தில் ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்கக்கூடாது. பக்கத்துப் பக்கத்துத் திரையில் ஒரே எண் நின்றது. விற்றுப்போன மற்ற நான்கையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஆறுக்கும் அதே எண். ஆறு வீட்டுக்கும் ஒரே விலாசம் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? எந்த மகராசனோ எல்லாவற்றிலும் ஒரே அச்சைக் குத்தி அனுப்பியிருக்கிறான்.

அண்ணனைத் தேடி ஓடினேன். கால்வாய் ஓரமாக, அதை மூடியிருந்த கல் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு ஆட்களோடு நின்றிருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"ஒவ்வொண்ணையும் நல்லாத்தானே பாத்தேன்டா?"

"நல்லாப் பாத்தீங்க அண்ணா."

"சேத்து வச்சுப் பாக்கலே."

கார்டை மாத்திட்டா போதும் அண்ணா, நாளைக்கே கடையைத் திறக்கலாம் என்று ஏதேதோ உளறினேன். அவர் என் தோளில் கை வைத்தார். கை சேறாக இருக்கிறதே என்று உடனே எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம்டா. அம்மைக்கு இப்பத்தான் ராத்திரி ஒறக்கம் வருது."

குனிந்து, பலகையின் மறுமுனையைப் பிடித்தார்.

அந்தக் கடை ஓடியிருக்க வேண்டும். ஒரே ஒரு நாளாவது ஆறு பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து சத்தம் போடுவதை அவர் வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.