சாவுக் காட்சியில் ஒரு சிரிப்பு

"விளக்கைப் போடுங்கய்யா! எவன் சிரிச்சான்? இப்ப எனக்குத் தெரிஞ்சாகணும்!"

விளக்கு எரிந்தது. அந்தச் சின்னத் திரையரங்கில் இருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். படம் பாதியில் நின்றுபோனதால், திரையில் ஒரு வயதான அப்பா கட்டிலில் செத்தது செத்தபடியே கிடந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தவர்தான் அந்தப் படத்தை எழுதி இயக்கியவர்.

ஊருக்கெல்லாம் அவர் சறுக்கலார். இருபத்திரண்டு வருடமாக சினிமாவில் சறுக்கி விழுந்தே சோறு தின்றவர். மாடிப்படியில், சோப்புத் தண்ணீரில், கதாநாயகன் விட்ட அறையில் என்று அவர் விழாத இடம் கிடையாது. முதலில் வெறும் 'சறுக்கல்' என்றுதான் கூப்பிட்டார்கள்; கார் வாங்கிய பிறகு மரியாதை சேர்ந்து 'சறுக்கலார்' ஆகிவிட்டது. முன்பல் இரண்டு நிஜமாகவே உடைந்து ரத்தம் வந்தபோதும் ஜனம் கைதட்டிச் சிரித்தது. இடுப்பெலும்பு நகர்ந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஊசி போட வந்த நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஊசி மெத்தையில் இறங்கியது.

பிழைப்பு என்று அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. அவருடைய அப்பா இறந்த அன்று அவரைப் படப்பிடிப்பிலிருந்து விடவில்லை. "இன்னும் ஒரே ஒரு ஷாட் சார்" என்று சொல்லிச் சொல்லியே சாயங்காலம் வரை நிறுத்திவைத்து, நாற்பத்தொரு அறை வாங்க வைத்தார்கள். ஒவ்வொரு அறைக்கும் யூனிட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமனார் கடைசியாகப் பேசியதை மனைவி சொன்னாள்: "அவன் செருப்பை எடுத்து உள்ள வைம்மா. மழை வரும் போல இருக்கு." கேட்டுக்கொண்டு நின்றாரே தவிர, அவருக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. கன்னம் மட்டும் ஒரு வாரம் வீங்கியிருந்தது.

அந்தக் கோபத்தில் எடுத்த படம் இது. தன் முகம் தெரிந்தால் சிரித்துத் தொலைப்பார்களே என்று ஒரு இடத்தில்கூட அவர் நடிக்கவில்லை; கேமராவில் விழுவதைக் காட்டும் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து இயக்கியதோடு சரி. அப்பாவாக நடித்தவர் ஒரு நாடக நடிகர். 'அந்தச் செருப்புக் காட்சியைப் பார்த்து ஒரே ஒருத்தர் அழுதால் போதும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்' என்று சறுக்கலார் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார்.

ஆனால் அந்தக் காட்சியில்தான், அப்பா கண்ணை மூடிய நிமிடத்தில், ஒரு சிரிப்பு கேட்டது. அதைத் தொட்டுக்கொண்டு அரங்கமே சிரித்தது.

சிரிப்பைப் பற்றி சறுக்கலாருக்குப் பாடம் எடுக்க ஆள் கிடையாது. மரியாதைக்குச் சிரிப்பது, பக்கத்து ஆள் சிரித்தானே என்று சிரிப்பது, புரியாமல் சிரிப்பது, எல்லாம் அத்துப்படி. இது மூக்கில் தொடங்கி, தொண்டையில் இரண்டு முறை இடறி, கீச்சென்று முடிந்தது. சந்தேகமே இல்லை, கேலிச் சிரிப்பு. அதுவும் முன்வரிசைப் பக்கமிருந்து வந்தது.

முன்வரிசையில் மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தான். மின்சாரம் போனால்கூடச் சிரிக்கிற ஆள்.

"எழுந்திருடா! வெளிய போ!"

"மாமா, நான் அப்புறமாத்தான் சிரிச்சேன். முதல்ல சிரிச்சது நான் இல்ல. எனக்கு முன்னாடி யாரோ..."

"உனக்கு முன்னாடி திரைதான்டா இருக்கு! செத்தவர் எழுந்து சிரிச்சாரா?"

கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவனை வெளியேற்றினார். அவன் பின்னாலேயே மனைவியும் எழுந்தாள்.

"என் தம்பி சிரிச்சான், ஒத்துக்கறேன். ஆனா அந்த முதல் சிரிப்பு அவனோடது இல்ல. எனக்குத் தெரியாதா அவன் சிரிப்பு?"

"உனக்கென்ன தெரியும்? சிரிப்பு என் தொழில்!"

"அப்ப அதையே பண்ணியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வீட்டில் சாப்பாடு வேளாவேளைக்கு மேஜைக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

மறுநாள் எடிட்டர் மெதுவாக வாயைத் திறந்தார். "சார், அந்த செருப்பு வசனத்தைத் தூக்கிடலாமா? சாகும்போது செருப்பைப் பத்திப் பேசினா ஜனத்துக்கு..."

"அது வசனம் இல்லய்யா. எங்கப்பா!"

எடிட்டர் பின்வாங்கினார். "அப்ப வயலினைத் தூக்கிடலாம் சார். அது ஓவரா அழுவுது. இன்னொருத்தன் ஓவரா அழுதா நமக்கு சிரிப்புதானே வரும்?"

இது சறுக்கலாருக்கு நியாயமாகப் பட்டது. வயலின் போனது. வயலினோடு இசையமைப்பாளரும் போனார். "என் பேரையும் டைட்டில்ல இருந்து தூக்கிடுங்க" என்று போனிலேயே முகத்தில் அடித்த மாதிரி சொன்னார்.

இரண்டாவது முறை சொந்தக்காரர்கள் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு வங்கிக் கிளையின் ஊழியர்களை மொத்தமாக வரவழைத்தார். வாழ்நாளில் யாரையும் சிரித்த முகத்தோடு வரவேற்காதவர்கள் என்று விசாரித்துத் தேர்ந்தெடுத்தார். முன்னால் நான்கு வரிசைகளுக்குக் கயிறு கட்டி, யாரும் உட்காரக் கூடாது என்று ஆளும் போட்டார்.

செருப்புக் காட்சி வந்தது. அப்பா கண்ணை மூடினார். மூக்கில் தொடங்கி, தொண்டையில் இடறி, கீச்சென்று அதே சிரிப்பு. போன முறையைவிடத் தெளிவாக. யாருமே இல்லாத முன்வரிசையிலிருந்து!

வங்கி மேலாளர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. சறுக்கலார் டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு, மண்டியிட்டு, நான்கு வரிசைக்கும் அடியில் தேடினார். ஒரு உடைந்த சீப்பு கிடைத்தது. அவர் மண்டியிட்டுத் தேடியதைப் பார்த்து வங்கிக்காரர்கள் இன்னொரு சுற்று சிரித்தார்கள்.

சுவரோரமாக நின்றிருந்த எடிட்டர் மேல் பாய்ந்தார். "நீதான்யா! உனக்கு என் மேல என்ன கோவம்?"

"சார், இந்த சீனை நானூறு தடவ பாத்திருக்கேன். சின்ன ஸ்பீக்கர்ல, மியூசிக்கோட, மழையோட, தூக்கத்துல, பட்டினில. சிரிக்கறதுக்கு எனக்குத் தெம்பு ஏது?"

"நாளையிலிருந்து வராதே."

"ரொம்ப நன்றி சார்" என்றார் எடிட்டர். மனதாரச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது வைத்தியம், ஒலி. சறுக்கலாரின் பழைய படங்களில் எல்லாம் குரலைப் பிறகுதான் ஒட்டுவார்கள். விழுகிற சத்தத்தைக்கூட ஒரு மூட்டையைக் கீழே போட்டு எடுப்பார்கள். இந்தக் காட்சிக்கு மட்டும் படப்பிடிப்பில் பதிவான ஒலியே இருக்க வேண்டும், ஒரு மூச்சைக்கூட வெட்டக் கூடாது என்று முதல் நாளே உத்தரவு போட்டிருந்தார். மழைச் சத்தத்தை மட்டும் பிறகு சேர்த்திருந்தார்கள். மழை ஓங்கி, அப்பா பேசுவது புரியாமல், புரியாததால்தான் சிரிக்கிறார்கள் என்று இப்போது அவருக்கு ஞானோதயம் வந்தது.

"மழையை எடுங்க. அப்பா குரலை நல்லா ஏத்துங்க. இன்னும் ஏத்துங்க!" என்று ஒலிக்கலவைக் கூடத்து வாசலில் நின்றபடியே சொன்னார்.

ஒலிக்கலவைப் பொறியாளர் காதில் மாட்டியிருந்ததை இறக்கினார். "சார், அதை ஏத்தினா கூடவே இன்னொரு சத்தமும் ஏறுது. இங்க ஒரு..."

"ஒரு மூச்சைக்கூட வெட்டாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"வெட்டல சார், கேளுங்கன்னுதான்..."

"நான் கேக்க வேண்டியதைப் பெத்தவர்கிட்டயே கேக்கல. உன்கிட்ட என்னய்யா கேக்கணும்? ஏத்து!"

பொறியாளர் ஏற்றினார். வேலை முக்கியம்.

வெள்ளிக்கிழமை தியேட்டர்க்காரம்மா வந்தார். நூறு தியேட்டருக்குச் சொந்தக்காரர். படம் வெளிவருவதும் பெட்டிக்குள் தூங்குவதும் அவர் ஒரு வார்த்தையில் இருந்தது. "பாத்து எனக்கு அழுகை வந்துச்சுன்னா நாப்பது தியேட்டர் தரேன். வரலைன்னா என்னை வற்புறுத்தக் கூடாது" என்று முன்பே சொல்லியிருந்தார். அரங்கில் அவரும் சறுக்கலாரும் மட்டும். சிரிப்பதற்கு வேறு ஆளே இல்லை என்று சறுக்கலாருக்கு நிம்மதி.

"அவன் செருப்பை எடுத்து உள்ள வைம்மா" என்றார் திரையில் அப்பா. மழை இல்லை, வயலின் இல்லை. ஒரு ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியில், அரங்கின் சுவர் அதிர, மூக்கில் தொடங்கி, தொண்டையில் இடறி, கீச்!

தியேட்டர்க்காரம்மா இருக்கையின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அது அந்தத் தண்ணீர் இல்லை.

"சிரிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா! எழவு வீட்டுல ஒருத்தனைச் சிரிக்க விட்டிருக்கீங்க பாருங்க, அந்தத் தைரியம் யாருக்கு வரும்? நூறு தியேட்டரும் எடுத்துக்குங்க. போஸ்டர்ல மட்டும் நீங்க அந்தச் செருப்புல சறுக்கி விழற மாதிரி ஒரு படம் வேணும். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா விட்டுடுங்க."

"சிரிக்க விட்டிருக்கேனா? எங்க?"

"படத்துலதான். ஏன், நீங்க வெக்கலையா?"

அவரை அனுப்பிவிட்டு, அந்தக் காட்சியை மறுபடி ஓட்டும்படி ஆபரேட்டரிடம் சொல்லி, காலி அரங்கில் தனியாக உட்கார்ந்தார். ஒரு ஈ காக்கை இல்லாத அரங்கில் அந்தச் சிரிப்பு கேட்டது. சிரிப்பு இருக்கையிலிருந்து வரவில்லை, படத்திலிருந்தே வந்தது. படப்பிடிப்பில் எவனோ சிரித்திருக்கிறான். அவருக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. அன்றைக்கு நாற்பத்தொரு அறைக்கும் சிரித்தார்கள். போதாதென்று, அவருடைய சொந்தப் படத்தில், அவருடைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு, அவருடைய அப்பாவின் சாவிலும் சிரித்திருக்கிறார்கள்!

மதியம் இரண்டு மணிக்கு, அந்தக் காட்சி எடுத்த அன்று தளத்தில் இருந்த அத்தனை பேரையும் அதே தளத்தில் வரிசையாக நிற்க வைத்தார். ஒலியைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"எங்கப்பா சாவுல சிரிச்ச நாய் எதுன்னு இப்ப தெரிஞ்சிடும். ஒவ்வொருத்தரா சிரிங்க!"

கேமராக்காரர் 'ஹெ' என்றார். ஒப்பனைக்கார அம்மா சிரிக்கப் போய் இருமினார். லைட்மேன்கள் நான்கு பேரும் பயத்தில் சிரித்தது பூனை குட்டி போட்டது போல இருந்தது. ஒவ்வொன்றுக்கும் போனைக் காதில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, "அடுத்து!" என்று கர்ஜித்தார்.

அப்பாவாக நடித்தவர் முறைத்தார். "நான் பொணமா கிடந்தேன் சார். மூச்சே விடல. என்னையுமா?"

"சிரிய்யா!"

பிணம் சிரித்தது. பொருந்தவில்லை.

வரிசையின் கடைசியில் மனைவி நின்றிருந்தாள். மாமனார் எப்படிப் பேசினார், தலையை எந்தப் பக்கம் சாய்த்தார் என்று சொல்லித்தர அன்றைக்கு அவளும் வந்திருந்தாள். சறுக்கலார் ஒரு வினாடி தயங்கினார். கோபம்தான் ஜெயித்தது.

"சிரி."

"உங்ககூட இருபது வருஷம் குடும்பம் நடத்திட்டேன். சிரிப்பு எங்கிருந்து வரும்?" என்றாள். இத்தனை நாள் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

யாருடைய சிரிப்பும் பொருந்தவில்லை. தியேட்டர்க்காரம்மாவிடமிருந்து ஒரு தடவை போன் வந்து நின்றது. அப்போதுதான் ஒலிப்பதிவாளர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். வேறு படப்பிடிப்பிலிருந்து நேராக வந்ததால் ஹெட்ஃபோன் இன்னும் கழுத்தில் தொங்கியது. அன்றைக்கு மைக்கில் விழுந்த ஒவ்வொரு சத்தத்தையும் காதில் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள்.

"வாய்யா! நீதான் பாக்கி. சிரி!"

"முதல்ல அதைக் கேக்கறேன் சார்."

போனை வாங்கி ஒரு தரம் கேட்டார். அவர் முகம் மாறியது. இரண்டாம் தரம் கேட்கவில்லை.

"இது எனக்குத் தெரியும். அன்னிக்கே ஹெட்ஃபோன்ல கேட்டேன்."

"கேட்டுட்டு ஏன்யா சொல்லல?"

"இதெல்லாம் போய் சொல்ற விஷயமா சார்? மனசு கேக்கல, அப்படியே விட்டுட்டேன்."

சறுக்கலார் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். "எவன்னு சொல்லு. அவன் இனிமே எந்தப் படத்துலயும் வேலை செய்யக் கூடாது. எங்கப்பா செத்ததைப் பாத்து எவன்யா சிரிச்சான்?"

ஒலிப்பதிவாளர் காலரை விடுவித்துக்கொள்ளவில்லை. மற்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இது சிரிப்பு இல்ல சார். அன்னிக்கு மானிட்டர் முன்னாடி உக்காந்து நீங்க அழுதது."