முப்பத்திரண்டாவது அப்பா

“சார், உங்க சீட்டைக் காட்டுங்க.”

“எந்தச் சீட்டு, டீச்சர்?”

கேட்டவர் இரண்டாம் வகுப்பு டீச்சர். பள்ளி திறக்கும் நாளில் ஒன்றாம் வகுப்புக் குடும்பங்களை வரவேற்கும் பொறுப்பு இந்த வருடமும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது. போன வருடம் ஒரு பிள்ளை, வேறு யாருடைய சித்தியின் கையையோ பிடித்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது. மூன்று தெரு தள்ளித்தான் கிடைத்தது. அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

அதனால் இந்த முறை பக்காவாக ஏற்பாடு செய்திருந்தார். வாசலிலேயே பிள்ளையின் சட்டையில் எண் எழுதிய அட்டை. கூட வந்தவர் கையில் அதே எண்ணில் ஒரு சீட்டு. மதியம் சீட்டைக் காட்டினால்தான் பிள்ளை. முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் அட்டை குத்தி, முப்பத்தொரு குடும்பங்களுக்கும் “வாங்க, வாங்க” சொல்லித் தாடை வலித்துப்போய், எல்லோரையும் அனுப்பிவிட்டோம் என்று மூச்சு விட்டபோதுதான் இந்த மனிதர் கண்ணில் பட்டார். ஒன்றாம் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே, தலை தெரியாதபடி குனிந்து நின்றார். கையில் ஒரு சாப்பாட்டுப் பை.

“வாசல்ல நான் குடுத்தேனே, அந்தச் சீட்டு.”

“எனக்கு யாரும் குடுக்கலீங்களே. நாங்க சீக்கிரமே வந்துட்டோம். அப்ப வாட்ச்மேன் மட்டுந்தான் இருந்தாரு.”

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அட்டை குத்தாமல் ஒரு பிள்ளை உள்ளே போயிருக்கிறது!

“எந்த கிளாஸ்?”

“ஒண்ணாங் கிளாஸ்தான். இன்னைக்குத்தான் முதல் நாள்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க டீச்சர். நான் இங்க நிக்கிறது தெரிஞ்சா என் பொண்ணு ஓடி வந்துடுவா. பயந்த சுபாவம். நேத்து ராத்திரி பூரா தூங்கல. கேட் கிட்ட வந்ததும் ‘வீட்டுக்கே போயிடலாம்ப்பா’ன்னு கையப் புடிச்சுக்கிட்டா.”

காதோரம் நன்றாக நரைத்திருந்தது. டீச்சர் பார்வையைப் புரிந்துகொண்டவர்போல, “கல்யாணமாகி ஒம்பது வருஷம் கழிச்சுப் பொறந்தவ” என்றார்.

டீச்சர் இளகிப்போனார். “பேர் சொல்லுங்க, சேத்துக்குறேன்.”

பெயரைச் சொன்னார். டீச்சர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழிருந்து மேலாகவும் பார்த்தார். அந்தப் பெயரே இல்லை.

“சர்டிபிகேட் எல்லாம் குடுத்தீங்களா?”

“போன வாரமே ஆபீஸ்ல குடுத்தாச்சு. பெரிய சார் கையெழுத்துப் போட்டு லெட்டரே வந்துச்சே.”

ஆபீஸில் யாரோ பெயரை விட்டுவிட்டார்கள். பழி தன் மேல்தான் விழும். டீச்சர் அவரை ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார்.

“என்ன கலர் டிரஸ்?”

“மஞ்சள். மூணு தடவை மாத்திட்டு, கடைசியில மஞ்சள்.”

“ஆள் எப்படி இருப்பா?”

“அவங்க அம்மாவ அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி.”

“நான் அவங்கம்மாவப் பாத்ததில்லையே, சார்.”

“எடது கன்னத்துல மச்சம் இருக்கும். டீச்சர், பாத்ரூம் எங்கன்னு யாராச்சும் காட்டிடுங்க. வாய் விட்டுக் கேக்க மாட்டா.”

ஒன்றாம் வகுப்பில் சந்தை இரைச்சல். காலையில்தான் வேலைக்குச் சேர்ந்த, பெயர்கூட இன்னும் தெரியாத புது டீச்சர், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, கரும்பலகையை ஒட்டியபடி நின்றிருந்தார். ஏதோ எழுதுகிறார் போலிருக்கிறது என்று தொந்தரவு செய்யாமல், வாசலருகே மஞ்சள் கவுனில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியைப் பார்த்தார் இரண்டாம் வகுப்பு டீச்சர். கன்னத்தில் ஏதோ கறுப்பாக இருந்தது. மச்சமா, மையா என்று தெரியவில்லை. சட்டையில் அட்டை இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், சட்டென்று கையைப் பிடித்து ஆபீஸுக்குக் கூட்டி வந்தார்.

“இவதானே, சார்?”

அவர் சிறுமியையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். “இது… யாரு டீச்சர்?”

சிறுமி அவரைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள்.

“இது எங்கப்பா இல்லஅஅஅ!”

அந்தச் சத்தம் மதிலைத் தாண்டியது. மதிலுக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குப் போய்விட்டதாக டீச்சர் நம்பிய குடும்பங்கள் அத்தனையும் ஒன்றுகூடக் குறையாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தன. அடுத்த நிமிடம் வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தன. பெரியப்பாக்கள், அத்தைகள், ஹெல்மெட்டைக் கழற்றாத மாமா ஒருவர்.

“யாருய்யா நீ?”

“நான்… அப்பாங்க.”

“யாருக்கு அப்பா?”

“என் பொண்ணுக்கு.”

“உன் பொண்ணு எங்க?”

“அதைத்தான் இவங்க தேடிட்டு இருக்காங்க.”

அம்மாக்களின் குரல் கேட்டுப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்து ஆளுக்கொரு இடுப்பைக் கட்டிக்கொண்டன. கட்டிக்கொண்டதில் அட்டைகள் உதிர்ந்தன. பதினேழாம் எண்ணைப் பொறுக்கிய பையன் அதை வாயில் போட்டு மென்றான். எல்லோரையும் பிரித்து, பிள்ளைகளை வகுப்பில் தள்ளிக் கதவைச் சாத்த அரை மணி நேரமானது.

கதவுக் கண்ணாடி வழியாக டீச்சர் தலைகளை எண்ணினார். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார். அதே முப்பத்தொன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தம் கொண்டாட வெளியே ஒரு குடும்பம் நிற்கிறது. அப்படியென்றால் இந்த மனிதரின் பெண்?

கால் தரையில் பாவாமல் ஆபீஸுக்கு வந்தார்.

“சார், பதறாதீங்க. உங்க பொண்ணு… கிளாஸ்ல இல்ல.”

அவர் எழுந்தார். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார். “இல்லியா? நான்தானே உள்ள விட்டேன்! கதவுகிட்டப் போயி ஒரு தடவை திரும்பிப் பாத்தாளே!” சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தார். “காலையில வேற ஒரு வாய்கூடச் சாப்பிடல…”

டீச்சர் தலைமையாசிரியருக்கு போன் செய்தார். அவர் வெளியூரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். “பிள்ளையக் காணோமா? மறுபடியுமா? கேட்டைப் பூட்டுங்க!” என்று மட்டும் கத்திவிட்டு வைத்துவிட்டார்.

கேட் பூட்டப்பட்டது. வேலைக்கு நேரமானவர்கள் திறக்கச் சொல்லிக் கத்தினார்கள். மற்றவர்கள் திறக்கவே கூடாது என்று கத்தினார்கள். வாட்ச்மேன் கழிவறை, ஸ்டோர் ரூம், உடைந்த பெஞ்சுகளின் அடி என்று எல்லாம் பார்த்துவிட்டு ஒட்டடையோடு வந்தார்.

“எங்கயும் இல்ல, டீச்சரம்மா. போலீசுக்குச் சொல்லிடலாமா?”

 போன வருடமாவது பிள்ளை மூன்று தெருவுக்குள் கிடைத்தது. கடைசி முயற்சியாக டீச்சர் மைக்கைப் பிடித்தார். 

“கவனியுங்க. இன்னைக்கு ஒண்ணாம் வகுப்புக்கு வந்த ஒரு பொண்ணைக் காணோம்.” பெயரை இரண்டு முறை சொன்னார். “மஞ்சள் டிரஸ், இடது கன்னத்துல மச்சம். ரொம்பப் பயந்த பிள்ளை. யார் பாத்தாலும் உடனே ஆபீஸுக்குக் கூட்டிட்டு வாங்க. அவங்கப்பா இங்க அழுதுட்டு இருக்காரு!”

பள்ளி முழுவதும் கப்சிப் என்றானது. கேட்டருகே கத்தியவர்கள்கூட வாயை மூடினார்கள்.

ஒன்றாம் வகுப்புக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. சட்டையில் ஒன்பதாம் எண் அட்டையோடு ஒரு சிறுமி வெளியே வந்தாள். பின்னால் கதவைப் பத்திரமாகச் சாத்திவிட்டு, நேராக ஆபீஸுக்கு நடந்து வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“மிஸ், எங்க டீச்சரை இப்ப அவங்க அப்பாகிட்ட அனுப்ப முடியாது. நாங்க எல்லாரும் சேந்து இப்பத்தான் அழுகைய நிறுத்தி வெச்சிருக்கோம்.”