இடப்பக்கம் மாமா

நான் ஓட்டிப் பழகிய முதல் இரட்டை என்ஜின் விமானத்துக்குள் அம்மாவின் சேலைகள் பதினாறு இருந்தன. வேலைக்கான விண்ணப்பத்தில் இதை நான் குறிப்பிடவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

விமானம் என்றால், கட்டுகஸ்தோட்டை வீட்டில் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் நின்ற இரும்பு அலுமாரி. விமானி உரிமம் கிடைத்து மூன்று வருடமாகியும் வேலை கிடைக்காமல், கண்டி டவுனில் ஒரு டியூஷன் வகுப்பில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உள்நாட்டுக்குள் பறக்கும் சிறிய நிறுவனம் ஒன்று புதிய விமானிகளுக்கான பயிற்சிக்கு அழைத்தது. அவசரகால நடைமுறைகளை வீட்டிலேயே மனப்பாடம் செய்து வரவேண்டும், முதல் நாளே செய்து காட்டவேண்டும், தேறாதவர்கள் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று கடிதத்தில் இருந்தது.

"அன்னைக்கேவா?" என்றார் அம்மா. "அப்போ ராவைக்கு ஒனக்கும் சேத்து சோறு வைக்கணுமா, வேணாமா?"

(என் மீதான நம்பிக்கையை எங்கள் வீட்டில் இப்படித்தான் வெளிப்படுத்துவார்கள்.)

எதையும் நாள், நேரம் போட்டு எழுதிவைக்கிற பழக்கம் எனக்குப் பத்து வயதிலிருந்து உண்டு. எந்தெந்த வருடம் மகாவலி ஆறு எங்கள் பாலத்துத் தூணில் எதுவரை ஏறியது என்று கேட்டாலும் சொல்வேன். ஆகவே இங்கே நான் சொல்வதில் மிகை இருந்தால் அது என் வாயின் குற்றம், டயரியின் குற்றம் அல்ல.

விமானி அறையின் படத்தை நிஜ அளவில் அச்சடித்து ஒட்டி, அதன் முன்னால் உட்கார்ந்து கையைப் பழக்குவது இந்தத் தொழிலில் வழக்கம். எங்கள் சுவர்கள் ஈரம் குடித்தவை, பசை நிற்காது. அதனால் அலுமாரிக் கதவுகளில் ஒட்டினேன். முன்னால் இரண்டு சாப்பாட்டுக் கதிரைகள். என்ஜின் தீப்பிடித்தால் இழுக்கவேண்டிய கைப்பிடிகள் இரண்டும் சரியாக அலுமாரிக் கைப்பிடிகளின் மேல் வந்து உட்கார்ந்தன. அன்று அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று டயரியில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் கதவு திறந்து மடியில் ஒரு சேலை விழுந்ததை அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இது தனியாகச் செய்கிற காரியம் இல்லை. ஒருவர் என்ன நடக்கிறதென்று சத்தமாகச் சொல்ல, மற்றவர் அதை உறுதிப்படுத்த வேண்டும். அப்பா பகல் முழுக்கக் கடுகண்ணாவையில் டயர்க் கடையில். அதனால் மற்றக் கதிரையில் அம்மா உட்கார்ந்தார். அம்மா முன்பள்ளி ஆசிரியை. பள்ளிக்கூட மணியையே அபாய மணியாக எடுத்துவந்தார். நான் தயங்கினால், "கையக் கட்டிக்கிட்டு மொதல்லேருந்து சொல்லு" என்பார்.

முதல் வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஆறு பத்து. அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்து மணியடித்தார். நான் முழுத் தொண்டையில், "என்ஜின் ஃபயர்!" என்றேன்.

அம்மா மணியைக் கீழே வைத்தார்.

"வெளக்கு வச்ச கையோட வந்து ஒக்காந்திருக்கேன். நெருப்புங்குற?"

"இங்கிலீஷ்லதானம்மா சொன்னேன்."

"இங்கிலீஷ்ல சொன்னா சாமிக்கு வெளங்காதோ? வேற பேரு வை."

"என்னா பேரு வைக்கிறது?"

"நீ சொன்னியே, அது எப்புடி வரும்?"

"சொல்லாம கொள்ளாம வரும். வந்தா வேற ஒரு வேலயும் பாக்க முடியாது. போற வரைக்கும் நிம்மதி இல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரே நேரத்தில் சொன்னோம்: "மாமா."

மாமா அம்மாவின் அண்ணன். பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு குடை, ஒரு தேயிலைப் பொட்டலம், ஒரு புகார் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். அன்றிலிருந்து என்ஜின் தீக்கு எங்கள் வீட்டில் பெயர் மாமா. (விமானம் தரையிறங்காமல் மேலேறிச் சுற்றி வருவதற்கு நான் 'போயிட்டு வாறோம்' என்று பெயர் வைத்தேன். என் பயிற்சிப் புத்தகம் முழுக்க மரியாதையான வார்த்தை அது ஒன்றுதான் என்று அம்மா சொன்னார்.) இடப்பக்கம் மாமா, வலப்பக்கம் மாமா என்று நாளுக்கு இருபது தடவை. மூன்றாம் வாரம் மணிச் சத்தம் கேட்டாலே என் கை தானாக எழுந்தது. பிரமாதமாக முன்னேறுகிறேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது செவ்வாய், பின்னேரம் நாலு இருபது. வெளியே நல்ல மழை. மணி அடித்தது.

"இடப்பக்கம் மாமா!" என்றேன். "சரியா?"

"சரிதான். இடப்பக்கந்தான். செய்."

"மாமாவுக்கு எண்ணெய் நிப்பாட்டியாச்சு. மாமாவ இழுத்தாச்சு. மொத போத்தல் குடுத்தாச்சு."

எண்ணெய் என்றால் விமானத்தின் எரிபொருள், போத்தல் என்றால் தீயணைக்கும் வாயு நிரம்பிய போத்தல். ஒன்றைத் திறந்துவிட்டு முப்பது செக்கன் பொறுக்க வேண்டும். அணையாவிட்டால் இரண்டாவது. நான் மடியில் விழுந்த ஊதாச் சேலையோடு முப்பது எண்ணி முடித்தேன்.

"மாமா போயிட்டாரா?" என்றார் அம்மா.

"இல்ல. இன்னும் இருக்காரு."

"அப்போ ரெண்டாவது போத்தலையும் குடு. போயிருவாரு."

"ஒரு போத்தல்தான்!"

திரும்பிப் பார்த்தோம். வாசலில் குடையிலிருந்து தண்ணீர் வடிய மாமா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"எவன் சொன்னான் ஒங்களுக்கு?" என்றார். "தங்கச்சி, சாமி சத்தியமா அந்தக் கல்யாண வீட்டுல ஒரே ஒரு போத்தல்தான். அதுவும் நாலு பேருக்கு. ரெண்டாவது போத்தல்னு சொன்னவன் பச்சப் பொய் சொல்லியிருக்கான்!"

மாமா குடியை விட்டு நான்கு வருடம் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. அம்மா மெதுவாக எழுந்தார். "எந்தக் கல்யாண வீட்டுல?" என்றார், முன்பள்ளிக் குரலில். அதன் பிறகு நடந்ததை டயரியில் அரைப் பக்கம் எழுதி, பிறகு மரியாதை கருதி அடித்துவிட்டேன்.

பயிற்சியின் முதல் நாள் காலையில் சிரித்துக்கொண்டே கொழும்புக்குப் பஸ் ஏறினேன். சிரிப்பு பயிற்சி நிலையம் வரைதான் வந்தது.

அங்கே உண்மையான விமானி அறையைப் போலவே ஒரு பயிற்சிக் கூண்டு. பக்கத்து ஆசனத்தில் நரைத்த மீசையோடு ஒரு சிங்களக் கெப்டன். எனக்கு முன்னால் போனவர் பத்து நிமிடத்தில் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டியூஷன் வகுப்பின் கரும்பலகை என் கண்முன் வந்தது. இதை விட்டால் எனக்கு அதுதான்.

ஏறினோம், பறந்தோம், எல்லாம் ஒழுங்கு. பிறகு மணி அடித்தது. என் இருபத்தாறு வயது வாய் திறந்து, கூண்டு அதிர, "இடப்பக்கம் மாமா!" என்று கத்தியது.

கெப்டன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். தமிழ் தெரியாதவரிடம் கத்தியதால் தப்பிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் சிங்களத்திலும் மாமா, மாமாதான்.

"காகே மாமாத?" என்றார். யாருடைய மாமா?

"என்னுடைய மாமா, சேர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

இதற்கிடையில் என் கைகள் யாரையும் கேட்காமல் எண்ணெயை நிறுத்தி, கைப்பிடியை இழுத்து, போத்தலைத் திறந்திருந்தன. மடியைக் குனிந்து பார்த்தேன். சேலை இல்லை.

கெப்டன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்: "கை சரி. வாய்தான் பிழை. பக்கத்தில் இருப்பவனுக்கு விளங்காத வார்த்தையை நம்பி நாற்பது பேரை ஏற்ற முடியாது. மூன்று மணிக்குத் திரும்ப வாருங்கள். மாமாவை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்."

அப்போது மணி ஒன்று முப்பத்தைந்து. கழிவறைக்குள் நின்று சரியான வார்த்தையை முணுமுணுத்துப் பார்த்தேன். மனதுக்குள் மணி அடித்ததும் நாக்கில் மாமாதான் வந்தார். அம்மாவுக்குப் போன் கோல் எடுத்தேன்.

"அம்மா, நீங்க மணியடிச்சு அந்த வார்த்தையச் சொல்லணும். நெசமான வார்த்தைய. இல்லாட்டி வேல போயிரும்."

செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு கேற் திறக்கும் சத்தம்.

"ரோட்டுக்கு வந்துட்டேன்" என்றார் அம்மா. "இங்கன சொன்னா சாமிக்குக் கேக்காது. ரெடியா?"

மணி அடித்தது. கட்டுகஸ்தோட்டை வீதியில், பட்டப்பகலில், என் அம்மா தன் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அடிவயிற்றிலிருந்து கத்தினார். "என்ஜின் ஃபயர்!"

"என்ஜின் ஃபயர், லெஃப்ட்!" என்று நான் கழிவறையிலிருந்து கத்தினேன்.

பதினொரு தடவை. பன்னிரண்டாவதற்கு முன் இன்னொரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டு நஸீமா ராத்தா.

"யா அல்லாஹ், நெருப்பு எங்க, புள்ள? தண்ணி கொண்டாந்துட்டேன்!"

"நெருப்பு இல்ல ராத்தா. மக பரீட்ச எழுதுறா."

"அதுக்கா ரோட்ல நின்டு கத்துறீங்க? சரி, நானும் கத்தவா?"

கடைசி ஒன்பது தடவையும் இருவரும் சேர்ந்தே கத்தினார்கள்.

மூன்று மணிக்கு மணி அடித்தபோது, சரியான வார்த்தை சரியான மொழியில் வந்தது. கெப்டன் தாளில் ஒரு கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டார். அம்மாவுக்குச் சொன்னதும், "அப்போ சோறு வைக்க வேணாம்" என்றுவிட்டுப் போனை வைத்துவிட்டார். எதற்காக அவசரமாக வைத்தார் என்று நஸீமா ராத்தா பிறகு சொன்னார். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஒன்பது வருடமாகிவிட்டது. அலுமாரியில் படம் பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. அம்மா மிச்சத்தைச் சுரண்ட விடமாட்டார். மாமா அந்த மழை நாளிலிருந்து ஒரு போத்தலைக்கூடத் தொடவில்லை, ஆனால் இன்றும் சொல்லாமல்தான் வருகிறார். தூரத்தில் குடை தெரிந்ததும், வெள்ளிக்கிழமையோ விளக்கு வைத்த நேரமோ பார்க்காமல், அம்மா ஜன்னலில் நின்று உரக்கச் சொல்வார்: "என்ஜின் ஃபயர்!"

கேற்றைத் திறந்துகொண்டே மாமா கேட்பார்: "எந்தப் பக்கம்?"