வயிற்றைப் பிடித்தால் ஆர்வில்

அன்றைய பேஸ்பால் ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் ஆர்வில் க்ரூபெக்கின் கால்சட்டை மூன்றாவது முறையாக இறங்கிவிட்டது. இடுப்புவாரில் ஆணியால் புதிதாக ஐந்து துளை போட்டும் பயனில்லை.

"இழுத்துக் கட்டுப்பா. குடும்பம் குடும்பமா வந்து ஆட்டம் பாக்குற இடம்," என்றார் வெண்டல்.

வெண்டல், மைதானத்து வேலிக்கு அப்பால் இருக்கும் கொட்டகைக்குப் பொறுப்பாளர். பந்தெறிந்துகொண்டிருக்கும் பிட்சர் தடுமாறினால் அவருக்குப் பதிலாகப் பந்தெறிய ஓட வேண்டிய ஐந்து பேரை அங்கேதான் உட்கார்த்தி வைப்பார்கள். கூப்பிடும்வரை சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்புவது அவர்கள் உத்தியோகம். டஸ்கர் சிட்டி கெளுத்தி அணிக்காக ஆர்வில் ஒன்பது வருடமாகத் துப்பிக்கொண்டிருந்தான்.

மற்ற ஊர்களில் மேனேஜர் கொட்டகைக்கு ஃபோன் போடுவார். டஸ்கர் சிட்டியில் ஃபோன் கம்பியை ஓர் அணில் கடித்துப் பத்து வருடம் ஆகிறது. சரிசெய்வதைப் பற்றி நிர்வாகம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. ஆகவே மேனேஜர் டட்லி, பிட்சர் நிற்கும் மண்மேட்டுக்கே நடந்துபோய், அங்கிருந்து கொட்டகையைப் பார்த்துச் சைகை காட்டுவார். பேச்சுக் கிடையாது. அவர் வாய் நிறைய எப்போதும் மெல்லும் புகையிலை. பேச வேண்டுமென்றால் துப்ப வேண்டும். துப்ப அவருக்கு மனம் வராது.

தலைக்கு மேல் கையைத் தூக்கினால் நெட்டையன். இடது தோளைத் தட்டினால் இடக்கைக்காரன். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தால் ஆர்வில்.

அந்தக் கடைசிச் சைகை, ஆட்டம் கைநழுவிப் போகிற நேரத்தில் மட்டுமே வரும். ஓட்டம் எடுக்கத் தயாராக மூன்று முனையிலும் எதிரணி ஆள் நிற்பான், அரங்கமே நகத்தைக் கடிக்கும், டட்லி வயிற்றைப் பிடிப்பார். முந்நூறு பவுண்டு ஆர்வில் குலுங்கிக் குலுங்கி ஓடிவந்து, மேட்டில் ஏறி, எதிரணியைச் சுருட்டி வைத்துவிட்டு இறங்குவான்.

"இந்த உலகத்துல என்னை நம்பற ஒரே மனுஷன் டட்லிதான்," என்று மனைவி லூயெல்லாவிடமே அவன் சொல்வதுண்டு. லூயெல்லா ஒருநாளும் மறுத்ததில்லை.

போன குளிர்காலத்தில் நிர்வாகம் ஒரு கடிதம் எழுதியது. எடையைக் குறைக்காவிட்டால் வேலை கிடையாது. லூயெல்லா ஐந்து மாதம் முட்டைக்கோஸாகவே சமைத்துப் போட்டாள். வசந்தத்தில் நூற்றுத் தொண்ணூறு பவுண்டு ஆர்வில் மைதானத்து வாசலுக்கு வந்தபோது காவலாளி அவனிடம் டிக்கெட் கேட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. டெக்ஸ்டர் போல்க் என்றொரு புது பிட்சரை அணியில் சேர்த்திருந்தார்கள். இருநூற்று எண்பது பவுண்டு. ஐந்து வாரத்தில் டட்லி ஏழு முறை வயிற்றைப் பிடித்தார். ஏழு முறையும் வெண்டல் போல்க்கை அனுப்பினார்.

"அது என் சைகைய்யா!" என்று ஆர்வில் கத்தினான்.

"பட்டா போட்டு வச்சிருக்கியா? அவர் வயித்தைக் காட்டறார். வயிறு இருக்கறவனை நான் அனுப்பறேன்."

"என்னை மனசுல வச்சுத்தான் காட்டறார்!"

"மனசைப் படிக்க எனக்குச் சம்பளம் இல்லப்பா."

மறுநாள் காலை இந்த இருவரில் ஒருவனை அணியிலிருந்து நீக்கப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஐந்து வாரமாகப் பந்தைத் தொடாதவன் யார் என்பதும் தெரியும். இந்த ஆட்டத்திலும் மேடேறாவிட்டால் ஆர்வில் திங்கட்கிழமை முதல் மாமனாரின் டயர் கடையில் டயர் உருட்ட வேண்டியதுதான்.

எனவே மதியமே அவன் ஆறு சாஸேஜ் ரொட்டியும் ஒரு முழு செர்ரி கேக்கும் தின்று பார்த்தான். வயிறு வரவில்லை. விக்கல் வந்தது.

போல்க் இரக்கத்தோடு தன் தொந்தியைத் தடவிக்கொண்டான். "ஒரு மத்தியானத்துல வர்ற சமாச்சாரமாண்ணே இது? இருபத்தஞ்சு வருஷ உழைப்பு!"

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்ததும், இன்னும் நிற்காத விக்கலோடு ஆர்வில் உடை மாற்றும் அறைக்குப் போனான். நான்கு துண்டு, யாரோ ஒரு பாட்டி பார்வையாளர் ஆசனத்தில் விட்டுப்போன பூப்போட்ட திண்டு, எல்லாவற்றையும் சட்டைக்குள் திணித்தான். கால்சட்டை கச்சிதமாக நின்றது. நிலைக்கண்ணாடியில் பழைய நண்பனைப் பார்த்ததுபோல் இருந்தது.

எட்டாவது இன்னிங்ஸில் மூன்று முனையிலும் ஆள் சேர்ந்தது. டட்லி மேட்டுக்கு நடந்தார். வயிற்றைப் பிடித்தார்.

"ரெண்டு பேரும் பக்கவாட்டுல நில்லுங்க," என்றார் வெண்டல். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஆர்வில் ரெண்டு விரக்கடை முன்னால இருக்கான். நீ போப்பா."

"போன இன்னிங்ஸ்ல இந்த வயிறு இல்லையே!" என்று போல்க் அலறினான்.

"கவலையில உப்பிடுச்சு தம்பி," என்று சொல்லிவிட்டு ஆர்வில் ஓடினான்.

பாதி தூரத்தில் வயிறு இடதுபக்கம் ஒதுங்கியது. அதைத் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்தான். அது முதுகுக்குப் போனது. முதுகிலிருந்து இழுத்தான். மேட்டை அடைந்தபோது வயிறு வலது முழங்காலில் இருந்தது.

நடுவர் சுற்றிவந்து பார்த்தார். "பிட்சர் உடம்புல எதையும் ஒளிச்சு வச்சுக்கக் கூடாது. தெரியுமில்ல?"

"இது என் சொந்த உடம்புங்க."

நடுவர் சட்டைக்குள் கையை விட்டு ஒரு துண்டை உருவினார். "ஒண்ணு!" என்று அரங்கம் எண்ணியது. இன்னொன்று வந்தது. "ரெண்டு!" நான்கும் முடிந்து பூப்போட்ட திண்டு வெளிப்பட்டபோது நாலாயிரம் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கால்சட்டை நான்காவது முறையாக இறங்கியது.

"வெளியே போ!" என்றார் நடுவர்.

ஆர்வில் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மேனேஜரின் முன்னால் போய் நின்றான்.

"பாஸ், நீங்களாவது சொல்லுங்க! ஒன்பது வருஷம்! இக்கட்டு வந்தப்பல்லாம் என்னைத்தானே கூப்பிட்டீங்க? வயிறுதான் போச்சு பாஸ், கை அதே கை! என்னை நம்பித்தானே ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டீங்க?"

டட்லி அவனைப் பார்த்தார். தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். மூன்று முனையிலும் நின்ற எதிரணிக்காரர்களைப் பார்த்தார். முகம் வெளுத்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தார்.

உடனே வேலிக் கதவு திறந்தது. போல்க் தரை அதிர ஓடி வந்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து, கையில் பழுப்புநிற மருந்து பாட்டிலும் கரண்டியுமாக, அணியின் கிழட்டு வைத்தியர் சைலஸ் மூச்சிரைக்க மேடேறினார். போல்க்கை முழங்கையால் இடித்து ஒதுக்கினார்.

"கொஞ்சம் வழிய விட்டுத் தொலைங்கப்பா! ஒன்பது வருஷமா இந்த மனுஷன் வயித்து வலி தாங்காம மருந்து கேக்கறார், நான் மூடியத் திறக்கறதுக்குள்ள ஒவ்வொரு தடவையும் ஒரு பிட்சரை அனுப்பி வைக்கறீங்களே!"