இடிக்கரத்தானின் இடைப்படங்கள்

என் வீட்டில் நானே தலைவன் என்பதை டோக்கியோ மாநகரம் முழுவதும் தொலைக்காட்சியில் கண்டு தெளிய வேண்டும் என்று அந்த வாரம் உறுதி பூண்டேன். மற்றக் கணவர்கள் இத்தகைய உறுதியைக் குளியலறைக்குள் முணுமுணுத்துவிட்டு வெளியே வருவார்கள். அவர்களிடம் இடிக்கரத்தான் இல்லை. என்னிடம் இருந்தான்.

எங்கள் நிறுவனம் வாரந்தோறும் தயாரித்த வீரசாகசக் கார்ட்டூனின் நாயகன் அவன். வாரம் ஒரு கதை என்பது அன்றைய நிலையில் தற்கொலைக்குச் சமம். ஆகவே எதிலும் சிக்கனம். இடிக்கரத்தான் வானில் பறப்பான், உடல் அசையாது. பின்னால் மேகங்கள்தாம் ஓடும்.

"வீட்டுலயும் அதே கதைதான்," என்பாள் என் மனைவி மிசாவோ. "நீங்க உக்காந்த இடத்துலயே இருப்பீங்க. சுத்தி நான்தான் ஓடணும்."

நான் மூலப்பட ஓவியன். ஓர் அசைவின் முதற்படமும் கடைசிப்படமும் என் கைவண்ணம். இரண்டுக்கும் நடுவே வரும் படங்களை வரைபவர் இடைப்பட ஓவியர். வீட்டிலேயே அமர்ந்து எனக்கு இடைப்படம் வரைந்து தந்தவள் மிசாவோ.

மூலப்பட ஓவியர் ஒருவர் விலகினார். அந்த நாற்காலிக்கு மிசாவோ வரலாமே என்றார் முதலாளி குராமோச்சி. மறுத்துவிட்டு, அதை மறந்தும்விட்டேன். அவர் மறக்கவில்லை. எங்கள் தெருவுக்கே பொதுவான, அரிசிக்கடைத் தொலைபேசியில் அவளையே கூப்பிட்டிருக்கிறார்.

"என்னங்க, குராமோச்சி ஐயா என்னை வேலைக்குக் கூப்பிட்டாராமே?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"வேலை எனக்கா, உங்களுக்கா?"

"ஒரே வீட்டுல ரெண்டு மூலப்பட ஓவியரா? அப்புறம் யாரு தொடங்கறது, யாரு முடிக்கறது?"

"இப்ப மட்டும் நீங்க என்னத்த முடிக்கறீங்க? குளிச்சிட்டு வர்ற வெந்நீர்த் தொட்டியக்கூட நான்தான் மூடி போட்டு மூடறேன்."

"தலைவன் நான். முடிவு முடிவுதான்."

"சரிங்க," என்றாள்.

வாதாடியிருந்தால் விட்டிருப்பேன். அந்தச் 'சரிங்க' என்னை உறங்கவிடவில்லை. அதற்கு விடையாகத்தான் கடற்பேரரசியைப் படைத்தேன். உலகையே ஆட்டிப்படைக்கும் கொடியவள். உயர்ந்த இடப்புருவம், தாடையில் மச்சம். இரண்டும் எவளுடையவை என்பது தெருவுக்கே தெரியும். இடிக்கரத்தானுக்கோ முதல் நாளிலிருந்தே என் முகந்தான். மேசைக் கண்ணாடியைப் பார்த்து வரைந்தது.

முதற்படத்தில் இடிக்கரத்தான் முஷ்டியை ஓங்கி நிற்கிறான், எதிரே பேரரசி. கடைசிப்படத்தில் பேரரசி தரையில் கைகால் பரப்பிக் கிடக்கிறாள். ஓங்கிய முஷ்டி வெற்றி முழக்கமாய் அப்படியே நிற்கிறது. இரண்டையும் மிசாவோவின் முன் வைத்தேன்.

"இது யாருங்க?"

"கடற்பேரரசி."

"மச்சம் இருக்கே?"

"கடல்ல இருக்கறவளுக்கு மச்சம் இருக்கக் கூடாதா?"

"இருக்கட்டும். கடைசியில ஏன் தரையில கிடக்கறா?"

"அதுதான் நீதி. முதலும் முடிவும் நான் வரைஞ்சது. ஒரு கோடுகூட மாறக் கூடாது."

"உங்க கோட்ட நான் ஏங்க தொடறேன்? என் வேலை நடுவுல மட்டுந்தானே."

எங்கள் படச்சுருள் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது மைகூடக் காய்ந்திருக்காது. யாரும் சரிபார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. சனிக்கிழமை மாலை, தொலைக்காட்சியுள்ள அரிசிக்கடையில் தெருவையே கூட்டி, முன்வரிசையில் நெஞ்சு நிமிர்த்தி அமர்ந்தேன்.

திரையில் இடிக்கரத்தான் முஷ்டியை ஓங்கினான். கடற்பேரரசி அதை ஏற இறங்கப் பார்த்தாள். கொட்டாவி விட்டாள். குனிந்து தரையை ஒரு விரலால் தடவி, விரலில் ஒட்டிய தூசியை அவன் மூக்குக்கு நேரே காட்டினாள். அவனுடைய மேலங்கியின் நுனியைப் பிடித்து இழுத்துத் தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் கைகால் பரப்பி நிம்மதியாகப் படுத்தாள். இவ்வளவுக்கும் இடிக்கரத்தான் ஓங்கிய முஷ்டியோடு மரம்போல் நின்றான்.

கடை குலுங்கியது. கடைக்காரி ஹத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், அவனுக்குக் கை கடுக்காதா? நம்ம தெரு ஆளு யாரு மாதிரியோ இருக்கானே, மிசாவோ."

"அப்படியா அக்கா? நான் முகத்தையே கவனிக்கல."

நான் பல்லைக் கடித்தேன். "என்ன காரியம் பண்ணியிருக்க?"

"உங்க முதற்படம் அப்படியே இருக்கு. கடைசிப்படமும் அப்படியே இருக்கு. ஒரு கோடு மாறியிருந்தாச் சொல்லுங்க."

மாறவில்லை. அதுதான் கொடுமை.

தொலைபேசி அடித்தது. முதலாளி என்னைத்தான் கேட்டார்.

"இசோபே, விளம்பரம் தர்றவங்க சிரிச்சு உருள்றாங்க. யாரு வரைஞ்சது?"

"முதலும் முடிவும் நான்தான், ஐயா."

"அத யாருய்யா கேட்டா? நடுவுல யாரு?"

நான் வாய் திறக்குமுன் தொலைபேசி மிசாவோவின் கைக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை முதல் அவள் மூலப்பட ஓவியர். கடற்பேரரசி இனி வாரந்தோறும் வருவாள். மிசாவோவுக்கு இடைப்படம் வரைய ஆள் வேண்டும் என்றார் முதலாளி.

"நான் வரையறேன்," என்றேன்.

பணிந்து சொன்னேன் என்று கருத வேண்டாம். அடிபட்டவன் ஆயுதத்தை அடையாளம் கண்டுகொண்டான், அவ்வளவுதான். நடுவிடம் இனி என்னுடையது. அவள் எங்கே தொடங்கினாலும் எங்கே முடித்தாலும், இடையில் பேரரசியை வழுக்கி விழச் செய்வேன். குட்டிக்கரணம் அடிக்கச் செய்வேன். இடிக்கரத்தானின் காலணியைத் துடைக்கச் செய்வேன். ஞாயிறு முழுவதும் பென்சில் சீவினேன்.

திங்களன்று மிசாவோ இரண்டு படங்களை என் மேசையில் வைத்தாள். பேரரசியே இல்லை. இரண்டிலும் இடிக்கரத்தானின் முகம் மட்டும், தாள் கொள்ளாத அளவுக்கு. முதற்படத்தில் அவன் வாய் திறந்திருந்தது. கடைசிப்படத்தில் மூடியிருந்தது.

"நடுவுல எத்தனை படம் வேணும்?" என்றேன்.

"ஒண்ணு போதுங்க."

கண்ணாடியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, பாதி மூடிய என் வாயை வரையத் தொடங்கினேன்.